என் இமைகளும் துரைசாமியின் மெமோவும்

1

மராட்டியில் நான் முதன்முதலில் கற்றுக்கொண்ட வாக்கியம் 'டோளே உக்டா'. கண்ணைத் திறங்கள் என்று அர்த்தம். புனேக்கு வந்த முதல் வாரம், கம்பெனி அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது கசார்வாடி ஸ்டுடியோக்காரர் அதை நாலு தடவை சொன்னார். நாலு தடவையும் நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தேன். கடைசியில் அவர் அலுத்துப்போய் பொத்தானை அமுக்கிவிட்டார். அதற்கப்புறம் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை என்று எந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாலும் அதே வாக்கியம்தான். சாப்பாடு கேட்கத் தெரிவதற்கு முன்னால் எனக்கு அது தெரியும்.

போன வாரம் டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போயிருந்தேன். காமிராவுக்குப் பின்னால் என் மகள் வயதில் ஒரு பெண். என்னைப் பார்த்துவிட்டு, இத்தனை பெரிசாக முழிக்க வேண்டாம் காகா, சாதாரணமாக இருங்கள் என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஷேர் ஆட்டோவில் சிஞ்ச்வட் திரும்பும்போது சிரிப்பு போய், துரைசாமி ஞாபகம் வந்து வயிறு எரிய ஆரம்பித்தது. அந்த எரிச்சலோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளியூரில் குடியேறியவர்கள் எழுதும் குறிப்புகளில் கடைசிப் பத்தி வருவதற்குள் எல்லாரையும் மன்னித்துவிடுவார்கள். நான் மன்னிக்கவில்லை. இந்த வயதுக்கு மேல் மன்னிக்கப் பழகுகிற உத்தேசமும் இல்லை.

2

பிறவியிலேயே எனக்கு மேல் இமை இரண்டும் தொங்கல். கருவிழியில் பாதியை மூடிக்கொண்டு நிற்கும். அப்பாவுக்கும் அப்படித்தான். சங்கரன்கோவில் பக்கம் எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக்கு 'அரைக்கண்ணன் வீடு' என்றே பெயர். தபால்காரர்கூட அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வருவார். அதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது, ஏனென்றால் பக்கத்து வீடு 'காதறுந்தான் வீடு', எதிர்வீடு 'ஆறுவிரலன் வீடு'. தெருவுக்கே ஒரு குறை இருந்ததால் எவனும் எவனையும் பார்த்துச் சிரிக்க வழியில்லை.

புனேயில் அந்த வசதி இல்லை. இமை தொங்குகிறவன் எதிரில் இருக்கிற ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் மோவாயைத் தூக்கி, புருவத்தையும் ஏற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். மராட்டிக்காரர்கள் என் கண்ணைப் பார்த்து, இவன் தூங்குகிறான் என்றார்கள். சிஞ்ச்வட் தமிழர்கள் என் மோவாயைப் பார்த்து, இவனுக்குத் திமிர் என்றார்கள். ஒரே முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு கெட்ட பெயர் வாங்கியவன் நான்.

துரைசாமி கோயம்புத்தூர்க்காரன். வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், இன்ஸ்பெக்ஷன் பிரிவில், நானும் அவனும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். முடித்து வருகிற புஷ்களையும் பின்களையும் அளந்து பார்த்து, சரியானதை அனுப்பி, மோசமானதை ஒதுக்கி வைக்கிற வேலை. கசார்வாடியில் ஒரே அறையில் நாலு வருஷம் இருந்தோம். அவன் சமைப்பான், நான் பாத்திரம் கழுவுவேன். வா, போ என்றுதான் பேச்சு.

அறைக்கு வந்த முதல் மாதத்தில் ஒருநாள் காலையில் அவன் முகம் வெளிறிப்போய் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "ஏனப்பா முத்து, நீ தூங்கறப்ப கண்ணு மூடறதே இல்லையே, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான். சுடலைமுத்து என்ற என் பெயரை முத்து என்று சுருக்கியதும் அவன்தான். எனக்குத் தெரியும், அம்மா சொல்லியிருக்கிறாள். என் இமைத் தசை பிறவியிலேயே விறைத்துப்போனது. மேலே முழுக்கத் தூக்கவும் செய்யாது, கீழே முழுக்க விடவும் செய்யாது. முழித்திருக்கும்போது பாதி மூடியிருக்கும், தூங்கும்போது பாதி திறந்திருக்கும். அது தெரிந்தவர்கள் மூன்றே பேர். அம்மா, பின்னால் வந்த என் மனைவி கோமதி, துரைசாமி.

3

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பிரிவில் சூப்பர்வைசர் இடம் காலியானது. எனக்கும் தகுதி இருந்தது, அவனுக்கும் இருந்தது. அப்போது இருவருக்கும் கல்யாணமாகி, சிஞ்ச்வட்டில் ஒரே ஹவுசிங் சொசைட்டியில் குடியிருந்தோம். நான் ஏ விங், அவன் சி விங். என் மகள் கவிதாவும் அவன் மகளும் ஒரே பள்ளிக்கூட வேனில் போய் வந்தார்கள்.

இன்டர்வியூ நடக்கிற வாரத்தில் என் கைக்கு ஒரு மெமோ வந்தது. மத்தியான ஷிப்டில் இன்ஸ்பெக்ஷன் மேஜையில் இன்னார் 'வாஸ் ஃபவுண்ட் ஸ்லீப்பிங்' என்று எழுதியிருந்தது. தூங்கிக்கொண்டிருக்கக் காணப்பட்டார். யார் கண்டது? இங்கிலீஷில் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. கண்டவன் யார் என்று வாக்கியத்தில் சொல்லாமலே ஒருவனைத் தூங்க வைத்துவிடலாம். கீழே, அந்த ஷிப்டுக்குப் பொறுப்பாக இருந்தவனின் கையெழுத்து மட்டும் இருந்தது. அறையில் மளிகைச் சீட்டு எழுதி எழுதி எனக்கு மனப்பாடமான கையெழுத்து.

விசாரணை கால் மணி நேரம்கூட நடக்கவில்லை. பர்சனல் ஆபீசர் நீங்கள் தூங்கினீர்களா என்று ஹிந்தியில் கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க மோவாயைத் தூக்கினேன். இவனுடைய தோரணையைப் பார் என்று பக்கத்திலிருந்தவரிடம் மராட்டியில் சொன்னார். சரி என்று தலையை இறக்கினேன். இதோ இப்போதுகூடத் தூங்குகிறான் என்றார். அதற்கு மேல் சாட்சி எதற்கு? இருந்தாலும் முறைக்கு துரைசாமியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா சார், கண்ணு மூடியிருந்துச்சு" என்றான்.

என் கண் மூடியிருந்தது என்பது பொய்யில்லை. எப்போதுமே பாதி மூடித்தான் இருக்கும். தூங்கினாலும் அது முழுக்க மூடாது என்பது அந்த அறையில் இருந்த எல்லாரையும் விட அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னான். அவன் சூப்பர்வைசர் ஆனான். நான் பாக்கிங் பிரிவுக்குப் போனேன், அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்ட. என் ஃபைலில் அந்த மெமோ உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அவனை 'நீங்க' என்று அழைக்க ஆரம்பித்தேன். அதைவிடப் பெரிய வசவு எனக்குத் தெரியவில்லை.

4

பாக்கிங் பிரிவில் எல்லாரும் என்னை 'ஜோபாளூ' என்று கூப்பிட்டார்கள். எனக்கு 'ஜோபாளா' தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் கவிதாவைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனால் ஊஞ்சலைக் காட்டி அதைத்தான் சொல்லுவாள். அதனால் என்னை ஊஞ்சல் என்று கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பிரிவுக்கும் இந்தப் பிரிவுக்கும் ஆட்டிவிடப்பட்டவன்தானே, பிரியமாகத்தான் சொல்கிறார்கள் என்று கையை வேறு ஆட்டினேன். ஒரு வருஷத்துக்கும் மேலாக ஆட்டினேன். என்னைப் போல ஏமாந்த சோணகிரி அந்தக் கம்பெனியில் அதற்கு முன்னால் இருந்திருக்க மாட்டான்.

கம்பெனி ஆண்டுவிழாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தபோது கவிதாவுக்கு ஏழு வயது. நாலு பேர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் நாலு பேருக்கும் கையை ஆட்டினேன். பஸ்ஸில் வரும்போது அவள் மெதுவாகச் சொன்னாள், ஜோபாளா வேறு, ஜோபாளூ வேறு என்று. ஜோபாளூ என்றால் தூங்குமூஞ்சி. வேனில் மற்ற பிள்ளைகள் தன்னை 'ஜோபாளூவின் பெண்' என்று கூப்பிடுவதையும் சொன்னாள். அப்புறம் கேட்டாள்:

"அப்பா, நீங்க வேலைல தூங்குனீங்களா?"

இல்லை என்றேன். நீங்கள் தூங்கியதாகத் துரைசாமி அங்கிள் சொன்னாரே என்றாள். அவர் பொய் சொன்னார் என்றேன். அவள் என் கண்ணைப் பார்த்தாள், அரைக்கண்ணை. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சூப்பர்வைசர் பதவி போனதற்கு நான் அத்தனை கறுவியிருக்க மாட்டேன். என் பெண் ஜன்னல் பக்கம் திரும்பினாள் பாருங்கள், அன்றைக்கு முடிவு செய்தேன். இவன் வாயாலேயே, இல்லை இவன் கையாலேயே, முத்து தூங்கவில்லை என்று வர வேண்டும். அதை இவள் பார்க்க வேண்டும். அதுவரை விடுவதில்லை.

5

முதலில் கண்ணைச் சரி செய்துகொள்வது என்று ஏற்பாடு. இமைக்கென்றே அறுவை சிகிச்சை செய்யும் ஒரு டாக்டரம்மா புனே நகரத்துக்குள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, லோக்கல் ரயிலில் போனேன். இமைக்கு மராட்டியில் 'பாப்ணி'. சிஞ்ச்வட்டிலிருந்து சிவாஜிநகர் வரை அதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அவர் முன்னால் உட்கார்ந்ததும் பதற்றத்தில் 'மாஜி பாப்பி காலி படதே' என்று வந்துவிட்டது. பாப்பி என்றால் முத்தம். என் முத்தம் கீழே விழுகிறது என்று சொல்லியிருக்கிறேன். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். டாக்டரம்மா மட்டும் சிரிக்காமல், எத்தனை நாளாக விழுகிறது என்று கேட்டார்.

அவர் கேட்ட அடுத்த கேள்விதான் இந்தக் கதைக்கு முக்கியம். இமை காலையில் எப்படி இருக்கிறது, சாயங்காலம் எப்படி இருக்கிறது, ஒரே மாதிரியா என்றார். காலையில் நன்றாக இருந்து, பொழுது போகப் போகத் தொங்கினால், பொருள் இரண்டாகத் தெரிந்தால், சாப்பிடும்போது தாடை சோர்ந்தால், அது இமையின் கோளாறு இல்லையாம். நரம்பு கொடுக்கிற கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத வியாதியாம். அதற்குக் கத்தி வைக்கவே கூடாது, மாத்திரைதான் என்றார். சந்தேகம் இருந்தால் மூடிய இமை மேல் இரண்டு நிமிஷம் ஐஸ் வைப்பார். இமை மேலே ஏறினால் அறுவை சிகிச்சை இல்லை, நரம்பு டாக்டரிடம் போ. எனக்கும் வைத்தார். என் இமை அசையவில்லை, சட்டைதான் நனைந்தது.

அப்புறம் என் புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, தரையைப் பார், கூரையைப் பார் என்று சொல்லி, சின்ன ஸ்கேலால் இமையின் ஓட்டத்தை அளந்தார். மூன்று மில்லிமீட்டர். இத்தனை வருஷமாக மற்றதையெல்லாம் அளந்தவன் நான், என்னை ஒருவர் அளந்தது அன்றுதான்.

சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கினார். தூக்குகிற தசைக்கு ஓரளவு பலம் இருந்தால், இமை மடிப்பில் கீறி, தசையைக் கொஞ்சம் சுருக்கி மேலே தைத்துவிடலாம். தொங்கல் கொஞ்சம்தான், சொட்டு மருந்து விட்டால் இமை ஏறுகிறது என்றால், இமையின் உள்பக்கமாகவே சின்னதாக எடுத்துத் தைக்கலாம், வெளியே தழும்பு தெரியாது. வயதானவர்களுக்குத் தசை நன்றாகவே இருக்கும், அதன் நுனிதான் பிடி விட்டிருக்கும், அதை இறுக்கினால் போதும். சிலருக்கு அதுவும் இல்லை, தோல்தான் தளர்ந்து திரை மாதிரி விழுந்திருக்கும், உபரித் தோலை எடுத்தால் சரி. என்னைப் போலத் தசையில் பலமே இல்லாதவர்களுக்கு ஒரே வழி, இமையை நெற்றித் தசையோடு கட்டித் தொங்கவிடுவது. தொடையிலிருந்து ஒரு நாடாவை எடுத்து, தோலுக்கு அடியில் இமைக்கும் புருவத்துக்கும் இடையே ஓட்டிவிடுவார்கள். புருவத்தை ஏற்றினால் இமை ஏறும். இரண்டு கண்ணுக்கும் சேர்த்தே செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் தூக்கினால் மற்றது இன்னும் இறங்கலாம், மூளை இரண்டுக்கும் ஒரே உத்தரவைத்தான் அனுப்பும் என்றார். தூக்கத்தில் கண் இன்னும் அதிகமாகத் திறந்திருக்கும், களிம்பு போட்டுக்கொண்டு படுக்க வேண்டும் என்றும் எச்சரித்தார்.

எனக்குக் களிம்பைப் பற்றிக் கவலையில்லை. அந்த மத்தியானம் நான் தூங்கவில்லை என்று எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, உங்கள் இமையால் என்ன முடியும் என்று எழுதலாம், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுத முடியாது என்றார். பிறவியிலிருந்தே இமைத் தொங்கல் என்று மட்டும் சர்டிபிகேட் கொடுத்தார்.

அதைக் கம்பெனியில் கொடுத்தேன். குமாஸ்தா தேதியைப் பார்த்துவிட்டு, மெமோவுக்குப் பிறகு வாங்கியது, செல்லாது என்றார். பிறவியிலிருந்தே என்று எழுதியிருக்கிறதே என்றேன். அப்படியென்றால் அது எழுதியிருக்கிற பிறப்புச் சான்றிதழைக் கொண்டு வாருங்கள் என்றார். எந்த ஊர் நகராட்சி பிள்ளை பிறந்தால் இமையை அளந்து எழுதுகிறது?

6

அறுவை சிகிச்சை நல்லபடியாக நடந்தது. மோவாயைத் தூக்காமல் உலகத்தைப் பார்க்கலாம் என்பதை நான் முப்பது வயதுக்கு மேல்தான் கண்டுபிடித்தேன். கோமதி என்னை ஒரு வாரம் நேராகப் பார்க்கவில்லை. யாரோ வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு என்றாள்.

கிடைத்த கண்ணை வைத்து நான் செய்த முதல் காரியம் துரைசாமியை முறைத்ததுதான். கேன்டீனில் அவனுக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து, சாப்பிட்டு முடிக்கும் வரை அவனையே பார்ப்பேன். எனக்கு இமைப்பு குறைச்சல், ஆகவே என்னை யாராலும் ஜெயிக்க முடியாது. கண் காய்ந்தால் சட்டைப்பையிலிருந்து சொட்டு மருந்தை எடுத்து விட்டுக்கொண்டு மறுபடி முறைப்பேன். இரண்டு மாதம் பார்த்தான். அப்புறம் சாப்பாட்டை அவன் கேபினுக்கே கொண்டு போய்விட்டான். எனக்கு அதில் கிடைத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆனால் கவிதா மனதில் ஒன்றும் மாறவில்லை. அவள் பள்ளி முடித்தாள், இன்ஜினியரிங் படித்தாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் பாதி மராட்டியில் பதில் சொல்வாள். கல்லூரி நாட்களில் ஒருநாள் விடிந்த பிறகும் படுத்துக் கிடக்கிறாளே என்று சத்தம் போட்டேன். போர்வைக்குள்ளிருந்து, "நான் வீட்லதானே தூங்குறேன், ஆபீஸ்ல இல்லையே" என்றாள். கோமதி அவளை அடிக்கப் போனாள். நான் தடுத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அன்றைக்குப் பொங்கிய கோபமும் அவள் மேல் இல்லை, சி விங் பக்கம்தான் போயிற்று.

7

இந்த ஊர்த் தமிழர் வட்டாரத்தில் யாருக்கு இமை தொங்கினாலும் என்னிடம் அனுப்பிவிடுகிற வழக்கம் எப்படியோ வந்துவிட்டது. பாங்க் அதிகாரியின் மாமியார், தேஹு ரோடு டெப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் என்று பலர் வந்தார்கள். டாக்டரம்மா சொன்னதை அப்படியே ஒப்பிப்பேன். காலையில் எப்படி, சாயங்காலம் எப்படி என்பதுதான் என் முதல் கேள்வி, அதை ஒருநாளும் விட்டதில்லை.

இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு சில வருஷங்கள் கழித்து, ஒரு சாயங்காலம் கதவைத் திறந்தால் துரைசாமி நிற்கிறான், மனைவியோடு. அவன் இடது இமை முழுக்க இறங்கியிருந்தது, வலது பாதி. மோவாயைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். அந்த நிலையில் அவனைப் பார்த்ததும் உள்ளுக்குள் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் எழுதுகிறேன். நல்லா வேணும் என்று தோன்றியது.

"நீங்கதானுங்க முத்து சொல்லோணும்" என்றான். எங்கேயோ காட்டியதில் தோல் தளர்ந்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்று சொல்லி நாள் குறிப்பதாக இருந்தார்களாம். அவன் மனைவி, காலையில் நன்றாகத்தான் இருக்கிறது, சாயங்காலமானால் கண்ணே திறக்க மாட்டேன் என்கிறது, சில சமயம் படிக்கட்டு இரண்டு இரண்டாகத் தெரிகிறதாம் என்றாள்.

எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

கோமதி காபி கொண்டு வந்தாள். நான் தசையைச் சுருக்குவது, உள்பக்கமாக எடுப்பது, நுனியை இறுக்குவது, உபரித் தோலை எடுப்பது, நெற்றியில் கட்டுவது என்று ஐந்தையும் விலாவாரியாகச் சொன்னேன். ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. முதல் கேள்வியையும் அதன் பதிலுக்கு என்ன அர்த்தம் என்பதையும் மட்டும் விட்டுவிட்டேன். யார் கண்டது என்பதை விட்டுவிட்டு அவன் மெமோ எழுதவில்லையா, அது மாதிரி. யோசித்துச் செய்யுங்கள், அவசரமில்லை என்று அனுப்பி வைத்தேன். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான்.

மூன்று வாரம் சும்மா இருந்தேன். அவன் விங்கின் பால்கனி என் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும். காலையில் கண்ணைத் திறந்துகொண்டு பேப்பர் படிப்பான். சாயங்காலம் அதே நாற்காலியில் ஒரு விரலால் இமையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் டீ குடித்துக்கொண்டே அதைப் பார்ப்பேன். நன்றாகத் தூங்கினேன், பசியும் எடுத்தது. எனக்கு உறுத்தவில்லை என்பதுதான் உண்மை.

அப்புறம் ஒருநாள் கோமதி சொன்னாள். "சி விங் அண்ணாச்சிக்குச் சப்பாத்தியை மெல்ல முடியலையாம். பாதியிலேயே தாடை நின்னு போகுதாம். கஞ்சிதான் கரைச்சுக் கொடுக்காகளாம். அடுத்த வாரம் ஆபரேஷனாம்."

அப்போதுதான் பயந்தேன். அந்த பயத்தில் அவன் உயிருக்கு எவ்வளவு பங்கு, நான் தூங்கவில்லை என்று எழுதித் தராமல் அவன் போய்விடுவானே என்பதற்கு எவ்வளவு பங்கு என்று என்னைக் கேட்காதீர்கள்.

8

அன்று சாயங்காலமே போனேன். அவன் மனைவி கடைக்குப் போயிருந்தாள். ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவன் முன்னால் வைத்தேன். உங்களுக்கு என்ன என்று எனக்குத் தெரியும், ஆபரேஷன் செய்தால் நீங்கள் கெட்டீர்கள், என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும், முதலில் மெமோவைப் பற்றி எழுதுங்கள் என்றேன்.

அவன் மறந்துவிட்டதாக நடிக்கவில்லை. அந்த ஒன்றுக்கு மட்டும் அவனுக்கு மதிப்பெண் கொடுக்கலாம். எந்த மெமோ என்று கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பேன். எதையும் கேட்காமல் பேனாவை எடுத்து இங்கிலீஷில் ஆரம்பித்தான். தமிழில் எழுதுங்கள் என்றேன். இங்கிலீஷில் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது, அதை ஒரு தடவை பார்த்துவிட்டேன். இடது கை விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் எழுதினான். 'சுடலைமுத்து தூங்கியதாகக் காணப்பட்டது தவறு' என்று வந்தது. அதைக் கோடு போட்டு அடித்தேன்.

"காணப்பட்டதெல்லாம் வேண்டாம். நான்னு ஆரம்பிங்க."

விரல் வழுக்கி இமை விழுந்தது, மறுபடி தூக்கினான். எழுதினான்: 'நான் பொய் எழுதினேன். முத்து தூங்கவில்லை. அவன் தூங்கினால் கண் மூடாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தே எழுதினேன். அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது.' வரிகள் எறும்பு மாதிரி கீழ்நோக்கி ஊர்ந்து போயிருந்தன. கையெழுத்துப் போட்டான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னை 'அவன்' என்று எழுதியிருக்கிறானே என்று அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். உடனே சுதாரித்துக்கொண்டு தாளைச் சட்டைப்பையில் வைத்தேன்.

பிறகுதான் அவன் வீட்டு ஃப்ரிஜ்ஜைத் திறந்து, ஐஸ்கட்டிகளைக் கைக்குட்டையில் சுற்றி அவன் இமை மேல் வைத்தேன். இரண்டு நிமிஷம். எடுத்தபோது இமை மேலே ஏறி, கருவிழி முழுக்கத் தெரிந்தது. அந்தக் கண்ணிலிருந்து ஐஸ் தண்ணீர் வழிந்ததா, வேறா, எனக்குத் தெரியவில்லை. ஆபரேஷனை ரத்து செய்யச் சொல்லி, நரம்பு டாக்டரிடம் மறுநாளே போகச் சொன்னேன். அதே வியாதிதான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். சொசைட்டி முழுக்க என்னைத் தெய்வம் என்றது. துரைசாமியின் மனைவி கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். துரைசாமி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

9

கவிதா அப்போது ஹிஞ்சவடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் நிதானமாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கடிதத்தை அவள் முன்னால் வைத்தேன். இத்தனை வருஷமும் நான் காத்திருந்தது அந்த நிமிஷத்துக்குத்தான். துரைசாமி அங்கிள் எழுதியது, படி என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, மலா வாச்தா யேத் நாஹி. எனக்குத் தமிழ் படிக்க வராதே."

எனக்கு அது தெரியாதா? அவளுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்காமல் விட்டது நாங்கள்தானே. கறுவிக்கொண்டிருந்ததில், எந்த மொழியில் எழுதி வாங்கினால் என் பெண் படிப்பாள் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. தாளை வாங்கி நானே படித்தேன். எனக்காக நானே சாட்சி சொல்கிற மாதிரி இருந்தது. படித்து முடித்ததும் அவள் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஒரு எழுத்தும் தெரியாதவள் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரியெல்லாம் ஏன் இப்படிக் கீழ கீழ போகுது?"

ஒரு கையால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுதினார் என்றேன்.

"பர்ஃப் எப்ப வச்சீங்க? எழுதுறதுக்கு முன்னாலயா, அப்புறமா?"

ஐஸைத்தான் கேட்கிறாள். அப்புறம்தான் என்றேன். அவருக்கு என்ன வியாதி என்று எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். அன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம், சமையலறையில் நின்ற கோமதிகூட அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். ஆனால் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்கத்தானே இத்தனை பாடு. அவர் முதல்முதலில் நம் வீட்டுக்கு வந்த அன்றைக்கே தெரியும், மூன்று வாரம் சொல்லாமல் இருந்தேன் என்றேன். கோமதியின் கரண்டிச் சத்தம் நின்றது.

கவிதா கோபமே இல்லாமல் சொன்னாள்.

"சரிப்பா, நம்புறேன். அன்னிக்கு நீங்க தூங்கல. இந்த மூணு வாரமும் தூங்கல. முழிச்சுக்கிட்டேதான் இருந்தீங்க."

கடிதத்தை மடித்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, துரைசாமியைப் பார்க்க சி விங்குக்குப் போனாள்.